சிறையா, மருத்துவமனையா: "விசாரணைக்குத் தகுதியற்றவர்" என்று வாதிடுவதில் உள்ள சிக்கல் என்ன?

நீள்பாதை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பாவின் மகன் மனச்சிதைவு நோய்க்காகப் பத்து ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவருபவன். சென்ற ஆண்டின் இறுதியில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரைகளை நிறுத்திவிட்டான். அடுத்த சில வாரங்களில், ஓர் இரவு, அறிமுகமே இல்லாத ஒருவரின் சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதித்து, அந்த வீடு தன்னுடையது என்றும் உள்ளே இருப்பவர்கள் தன் பெற்றோரை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்றும் கூவிக்கொண்டே இரண்டு சன்னல்களை உடைத்திருக்கிறான். யாருக்கும் காயமில்லை. அத்துமீறி நுழைந்ததற்கும் உடைமைக்குச் சேதம் விளைவித்ததற்கும் வழக்குப் பதிவாகி, இப்போது நீதிமன்றக் காவலில் இருக்கிறான்.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அவன் நோயாளி, வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் அவன் இல்லை என்று நீதிமன்றத்தில் தெரிவித்தால் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள், சிறையை விட அது எவ்வளவோ மேல். ஆனால் வழக்குரைஞர் தயங்குகிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டால், ஏற்கெனவே உள்ளே கழித்த நாள்களையும் கணக்கில் சேர்த்து, சில மாதங்களில் வெளியே வந்துவிடலாம் என்கிறார். மருத்துவமனை வழியைப் பற்றிக் கேட்டபோது, "அவர் உள்ளே போகும் தேதியை என்னால் சொல்ல முடியும், வெளியே வரும் தேதியைச் சொல்ல முடியாது" என்றார்.

நோயாளியை நோயாளி என்று சொல்வதால் அவனுக்கு எப்படித் தீங்கு வரும் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய அங்கி

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றவியல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் பேசுவது பொதுவான சட்ட அமைப்பைப் பற்றி; உங்கள் நாட்டின் சட்டத்தை உங்கள் வழக்குரைஞரே அறிவார்.

முதலில், குடும்பங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டு கேள்விகளைப் பிரிக்க வேண்டும். சன்னலை உடைத்த அந்த இரவில் உங்கள் தம்பியின் மனம் எப்படி இருந்தது என்பது ஒன்று. இன்று, நீதிபதியின் முன்னால் நிற்கும்போது, அவர் மனம் எப்படி இருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது அவர் குற்றத்துக்குப் பொறுப்பாவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, வழக்கை இப்போது நடத்தலாமா, நிறுத்திவைக்க வேண்டுமா என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

முதல் கேள்விக்கு உலகின் பல நாடுகளில் இன்னும் 1843-ஆம் ஆண்டின் நிழலில்தான் விடை தேடப்படுகிறது. அவ்வாண்டு இலண்டனில், தன்னை ஆளுங்கட்சியினர் வேட்டையாடுவதாக நம்பிய டேனியல் மெக்நாட்டன், பிரதமர் இராபர்ட் பீலின் தனிச் செயலாளரைச் சுட்டுக் கொன்றார். சித்தசுவாதீனம் இல்லை என்று அவர் விடுவிக்கப்பட்டதும் எழுந்த கொந்தளிப்பில், பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. அவர்கள் தந்த விடைகளே மெக்நாட்டன் விதிகள். செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய முடியாத அளவுக்கு அறிவு சிதைந்திருந்ததா என்பதே அதன் சாரம். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு இதிலிருந்து பிறந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதே எண்ணிலும், இலங்கையில் 77-ஆம் பிரிவாகவும் அது வாழ்கிறது. இந்தியாவில் அது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு. நோய் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது என்பதை மறக்காதீர்கள். மருத்துவர் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் கேட்கும் சித்தசுவாதீனமின்மை வேறு. இரண்டாவதை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது.

திரைப்படங்கள் இந்த வாதத்தைப் பெரிதாகக் காட்டினாலும் நடைமுறையில் இது அபூர்வம். அமெரிக்காவில் எட்டு மாநிலங்களை ஆராய்ந்து 1991-இல் வெளிவந்த ஆய்வு, கடுங்குற்ற வழக்குகளில் நூற்றுக்கு ஒன்றில்தான் இது எழுப்பப்படுகிறது என்றும், எழுப்பப்பட்டவற்றிலும் ஏறத்தாழ கால்பங்கே வெற்றி பெறுகின்றன என்றும் கண்டது. வெற்றி பெற்றவர்கள் வீட்டுக்குப் போவதும் இல்லை. மெக்நாட்டனே மீதி வாழ்நாளைப் பெத்லம் மனநலக் காப்பகத்திலும் பிறகு பிராட்மூரிலும் கழித்து, 1865-இல் அங்கேயே இறந்தார். வாஷிங்டன் நகரில் 1975-இல் ஒரு கடையிலிருந்து மேற்சட்டை ஒன்றைத் திருட முயன்றவரின் வழக்கை நான் இளம் வழக்குரைஞர்களுக்குத் தவறாமல் சொல்வேன். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. சித்தசுவாதீனம் இல்லை என்று விடுவிக்கப்பட்டதால் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டு கடந்ததும், இனியாவது என்னை விடுங்கள் என்று அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1983-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் தோற்றார். அவர் அங்கே இருப்பது தண்டனைக்காக அன்று, சிகிச்சைக்காக. ஆகவே தண்டனையின் அளவு சிகிச்சையின் அளவைக் கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பின் தர்க்கம்.

உங்கள் வழக்குரைஞர் அஞ்சுவது இரண்டாவது கேள்வியை. வழக்கை எதிர்கொள்ளும் தகுதி இல்லை என்று முடிவானால் விசாரணை நின்றுவிடும். குற்றம் நிரூபிக்கப்படுவதும் இல்லை, பொய்ப்பிக்கப்படுவதும் இல்லை. ஆள் மட்டும் உள்ளே இருப்பார். இந்தக் கோட்பாட்டின் ஆங்கிலேய மூலவழக்கு 1836-ஆம் ஆண்டுக்குரியது. அதில் குற்றம் சாட்டப்பட்டவர் மனநோயாளியே அல்லர், காது கேளாத, வாய் பேசாத ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. விந்தை என்னவென்றால், இந்தக் காவலுக்கு அமெரிக்காவில் எல்லை வகுத்த 1972-ஆம் ஆண்டு வழக்கும் அத்தகைய ஒருவருடையதே. மொத்தம் ஒன்பது டாலர் மதிப்புள்ள இரண்டு வழிப்பறிகள் அவர்மேல் சுமத்தப்பட்டிருந்தன. மருத்துவர்கள் அவர் தேற வாய்ப்பில்லை என்று சொல்லியும், "தேறும்வரை" அடைத்துவைக்க உத்தரவாயிற்று. அதன் பொருள் ஆயுள்காவல் என்பதை உணர்ந்த உச்ச நீதிமன்றம், தகுதி திரும்புமா என்பதை அறியத் தேவையான நியாயமான காலத்துக்கு மேல், தகுதியின்மையை மட்டும் காரணம் காட்டி ஒருவரை வைத்திருக்கக் கூடாது என்றது.

எல்லா இடங்களிலும் அப்படியோர் எல்லை இருந்ததில்லை. அசாமில் 1951-இல் கைதான ஓர் இளைஞர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் அவர் தேறிவிட்டார் என்று சான்றளிக்கப்பட்டது. விடுதலைக்குப் பதிலாக அவரை மறுபடியும் சிறைக்கு மாற்றினார்கள். விசாரணையே நடக்காமல் 54 ஆண்டுகள் கழித்து, 2005-இல், ஒரு ரூபாய்ப் பிணைமுறியில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 77. வழக்கில் வாய்தா வாங்க ஆள் இருக்கும்வரைதான் நீதிமன்றம் ஒருவரை நினைவில் வைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் வழக்குரைஞரின் தயக்கத்தை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குற்றச்சாட்டு எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு இந்த வழி ஆபத்தானது. கொலை வழக்கில் காலவரையறையற்ற மருத்துவக் காவலை ஒருவர் ஏற்கத் துணியலாம். உடைந்த இரண்டு சன்னல்களுக்காக அதை ஏற்பதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

திரும்பிவந்தவன்

மேலே எழுதியவர் கூறிய சட்டச் செய்திகளை மறுக்க எனக்கு அறிவு போதாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் அந்த ஒப்புதலைச் செய்தவன்.

என் வழக்கும் சிறியதே. கைதான பதினோராவது நாளில் நீதிபதி முன் நிறுத்தப்பட்டேன். எனக்குக் கிடைத்த வழக்குரைஞர், "ஆமாம் என்று சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம்" என்றார். நீதிபதி வரிசையாகக் கேட்டவற்றுக்கெல்லாம் ஆமாம் என்றேன். அந்த அறையின் மின்விசிறி எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு செய்தியை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்பதே அப்போது என் ஒரே கவலை. எதை ஒப்புக்கொண்டேன் என்பதை மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு, காகிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போனேன், உண்மை. மருந்து இல்லாமல் போனேன், எந்த மருத்துவரிடமும் ஒப்படைக்கப்படாமல் போனேன், ஒரு தண்டனைப் பதிவோடு போனேன். ஏழு மாதங்களில் மீண்டும் கைதானேன். இம்முறை, முன்பே தண்டனை பெற்றவன் என்பதால் பிணை மறுக்கப்பட்டது. சீக்கிரம் வெளியே வருவதைத்தான் எல்லோரும் வெற்றியாகக் கணக்கிட்டார்கள். எந்த நிலையில் வெளியே வருகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

அறிக்கை எழுதியவள்

நான் மனநல மருத்துவர். நீதிமன்றங்களுக்காக மதிப்பீட்டு அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். சிறை மருத்துவப் பிரிவிலும் சில ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன்.

விசாரணைக்கான தகுதி என்பது உடல் வெப்பத்தைப் போல மாறுவது. நாங்கள் அன்று சோதிப்பது நோயின் பெயரையன்று. தன்மேல் உள்ள குற்றச்சாட்டு எது, நீதிபதி யார், எதிரில் வாதிடுபவர் யார், ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும் என்பவை தெரிகின்றனவா, தன் வழக்குரைஞருக்குப் பகுத்தறிவோடு விவரம் சொல்ல முடிகிறதா என்பவற்றையே பார்க்கிறோம். குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தும் இவ்வளவையும் தெளிவாகச் சொன்னவர்களைத் தகுதியுடையவர்கள் என்று எழுதியிருக்கிறேன். சட்டங்களை ஒப்பிக்கத் தெரிந்திருந்தும், தன் வழக்குரைஞரே சதிகாரர்களில் ஒருவர் என்று உறுதியாக நம்பியவரைத் தகுதியற்றவர் என்று எழுதியிருக்கிறேன். இதில் நாங்கள் ஒருவரோடொருவர் மாறுபடுவதும் உண்டு. நார்வேயில் 2011-இல் 77 பேரைக் கொன்றவரை ஆராய்ந்த முதல் குழு, அந்தச் செயலின்போது அவர் மனப்பிறழ்வில் இருந்தார் என்றது. இரண்டாம் குழு இல்லை என்றது. நீதிமன்றம் இரண்டாவதை ஏற்றது. அது பொறுப்பு பற்றிய கேள்விதான் என்றாலும், எங்கள் அறிக்கைகள் இரத்தப் பரிசோதனை முடிவுகள் அல்ல என்பதற்கு அதுவே போதும்.

நோய் முற்றிய நிலையில் பிடிபட்டு, மருந்து மறுபடி தொடங்கப்பட்டால், மனச்சிதைவு நோயாளிகள் பலர் சில வாரங்களிலோ மாதங்களிலோ விசாரணைக்குத் தகுதி பெற்றுவிடுவார்கள். ஆகவே உங்கள் தம்பிக்கு இன்று மருந்து கிடைக்கிறதா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. உள்ளே நுழையும் கைதியின் பழைய மருந்துச் சீட்டைச் சிறை கேட்டுப் பெறும் என்று நம்பியிருக்காதீர்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த நாள் ஆகியவற்றை எழுதி, பழைய மருத்துவரின் கையெழுத்தோடு, சிறை மருத்துவருக்கும் வழக்குரைஞருக்கும் தனித்தனியே கொடுங்கள். மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின் என்ற மருந்தை எடுத்தவராக இருந்தால் இது உயிர் சம்பந்தப்பட்டது: இரண்டு நாள்களுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் பழைய அளவை அப்படியே திரும்பக் கொடுக்கக் கூடாது, மிகக் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும், வெள்ளணு எண்ணிக்கையையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். விவரம் தெரியாத ஒரு கை, நல்லெண்ணத்தோடு பழைய மாத்திரையை முழு அளவில் கொடுத்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், அதைவிட மோசமாகவும் ஆகலாம்.

அவர் கூச்சலிட்டார், கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று தனியறையில் போட்டிருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், மனநலக் குறைபாடு தனிமையால் மோசமாகும் நிலையில் உள்ளவர்களுக்குத் தனிமைச் சிறையைத் தடை செய்கின்றன. கடுமையான மனநோய் சிறைவாசத்தால் மேலும் மோசமாகும் நிலையில் உள்ளவர்களைச் சிறையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று 109-ஆம் விதி சொல்கிறது. ஆனால் சிறைகளில் நோயின் அறிகுறி ஒழுக்கக்கேடாகவே பதிவாகிறது. பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாருக்கும் தொல்லை தராததால் நோயாளி என்று கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. எனக்கு அதிக அச்சம் தந்தவர்கள் அவர்கள்தாம்.

மருத்துவமனைக்கு உத்தரவானாலும் படுக்கை காலியாகும்வரை சிறையில்தான் காத்திருக்க வேண்டும். இத்தாலி பழைய நீதித்துறை மனநலக் காப்பகங்களை மூடி, இருபது படுக்கைகளுக்கு மேற்படாத சிறு இல்லங்களை அமைத்தது. அந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனைக் காலத்துக்கு மேல் ஒருவரை அங்கே வைத்திருக்க முடியாது என்று 2014-இல் சட்டமும் இயற்றியது. 'பழைய அங்கி' சொன்ன மேற்சட்டை வழக்குக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி எனக்குத் தெரியாது. ஆயினும் அந்த இல்லங்களில் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டு, நோயாளிகள் சிறையிலேயே கிடந்ததற்காக 2022-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் கண்டனத்தையும் அதே நாடு பெற்றது.

தெருமுனை

உடைந்த சன்னலுக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரி எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் இதுபோல ஒருவர் புகுந்தார். என் தாயார் பல மாதங்கள் விளக்கை அணைக்காமல் உறங்கினார். புகுந்தவர் நீண்ட காலம் சிறையில் இருக்க வேண்டும் என்று நாங்கள் விரும்பவில்லை. அவர் நோயுற்றவர் என்பது அன்றிரவே எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் கேட்டவை இரண்டு: அவர் வெளியே வரும் நாளை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், வரும்போது சிகிச்சையில் இருக்கிறாரா என்று சொல்லுங்கள். இரண்டும் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் அவரைத் தெருவில் பார்த்துத்தான் விடுதலையானதை அறிந்தோம்.

நீள்பாதை

எழுதிய அனைவருக்கும் நன்றி. 'தெருமுனை' அவர்களுக்கு: நீங்கள் சொன்னது சுட்டது. அந்த வீட்டாரிடம் நாங்கள் இன்னும் ஒரு சொல் பேசவில்லை. வழக்கு நடக்கும்போது நேரில் போவது தவறாகக் கொள்ளப்படும் என்பதால், வழக்குரைஞர் வழியாகவே மன்னிப்பும் சேதத்துக்கான ஈடும் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறோம்.

நேற்று அவனைப் பார்க்க அனுமதி கிடைத்தது. மருந்துப் பட்டியலைச் சிறை மருத்துவரிடம் சேர்ப்பித்தோம். மூன்று வாரங்களாக ஏதோ ஒரு மாத்திரை கொடுக்கிறார்களாம். பெயர் அவனுக்குத் தெரியவில்லை. முன்பைவிடத் தெளிவாகப் பேசினான். "நான் உடைத்தது யார் வீடு?" என்று கேட்டான். ஆனால் விசாரணை என்றால் என்ன என்று கேட்டதற்கு, பெற்றோரைக் கண்டுபிடிக்கும் விசாரணை என்றான்.

இந்த நிலையில் அவன் ஒப்புக்கொள்வதாகச் சொன்னால் அது ஒப்புதலாகுமா? 'திரும்பிவந்தவன்' எழுதியதைப் படித்தபின் எனக்கு அந்தக் கேள்வியே நிற்கிறது.

பழைய அங்கி

ஆகாது. என் முதல் பதிவில் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. திரும்பிவந்தவர் சுட்டிக்காட்டியது சரி. விசாரணையை எதிர்கொள்ளத் தகுதியற்றவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் தகுதியற்றவரே. இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது. உங்கள் தம்பியின் விடையைக் கேட்ட எந்த வழக்குரைஞரும் இன்று அவரை ஆமாம் சொல்ல வைக்கக் கூடாது. நம்மில் பலர், நாளைக் குறைப்பதே கட்சிக்காரருக்குச் செய்யும் நன்மை என்று எண்ணி, அந்தக் கேள்வியையே கேட்காமல் கடந்துவிடுகிறோம். நானும் கடந்திருக்கிறேன்.

ஆனால் இந்த இரண்டு கதவுகளுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை. அவர் மூன்று வாரங்களில் இவ்வளவு தெளிந்திருக்கிறார் என்றால், உங்கள் பக்கம் காலம் இருக்கிறது. ஒப்புதலுக்கு அவசரப்படாமல், முதலில் பிணை கேட்கச் சொல்லுங்கள். உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லை என்று மருத்துவர் கூறி, உறவினர் ஒருவர் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்று, அவர் தமக்கும் பிறருக்கும் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாக உறுதியளித்தால், வழக்கு நிற்கும் காலத்திலும் வெளியே விட இந்தியச் சட்டம் வெளிப்படையாக இடம் தருகிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 330-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369. வேறு பல நாடுகளிலும் இதற்கு நிகரான வழிகள் உண்டு. அமெரிக்காவின் புரோவர்ட் மாவட்டத்தில் 1997-இல் தொடங்கிய மனநல நீதிமன்றமும், அதைப் பின்பற்றி வந்தவையும், சிறு வழக்குகளைச் சிகிச்சை நிபந்தனையோடு திசைதிருப்பவே ஏற்பட்டவை. உங்கள் நீதிமன்றத்தில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டா, அரசுத் தரப்பு வழக்கைத் திரும்பப் பெறச் சம்மதிக்குமா என்று எழுத்து மூலமாகக் கேட்கச் சொல்லுங்கள். அந்த வீட்டாருக்கு ஈடு வழங்கப்பட்டு, விடுதலை நாள் அவர்களுக்கு முன்னறிவிக்கப்படும் என்ற உறுதியும் மனுவில் இருந்தால், அரசுத் தரப்பின் எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

மதிப்பீட்டுக்கு மருத்துவமனைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று நீதிபதி கருதினால் அதை எதிர்க்க வேண்டாம். ஆனால் உத்தரவில் அறிக்கை தாக்கலாக வேண்டிய தேதியும், அடுத்து அவரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டிய தேதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று வழக்குரைஞர் அங்கேயே எழுந்து கேட்கட்டும். "தேறும்வரை" என்ற சொல் உத்தரவில் இருந்தால் அதற்கு அருகில் ஒரு தேதி வந்தே தீர வேண்டும். அந்தத் தேதியன்று, நகல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்பத்தில் ஒருவர் நீதிமன்றத்தில் இருங்கள்.